பூதத்துக்கு என்ன நிறம்

பாதி பின்னிய பாயை அப்படியே போட்டுவிட்டு றபீக்கா எழும்பினாள்.

"எங்க மச்சி போறாய்? பூதம் இப்பதான் குகையால வருது" என்றாள் பரீனா.

"வரட்டும். கரிச்சட்டி மாதிரிக் கறுப்பாம், அதால இரக்கமில்லையாம். என்னைப் பக்கத்தில வெச்சிக்கிட்டுத்தானே சொல்றாய்?"

பரீனாவின் கை நின்றது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தெருப் பெண்கள் கூடிப் பாய் பின்னுவார்கள். பெரியபிள்ளையானதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பரீனா, அங்கே படித்த காலத்தில் மூன்று முறை வாசித்த ஒரு பழைய மாயக்கதையைச் சொல்லுவாள். மற்ற நேரங்களில் அவள் வாய் திறப்பதே குறைவு. றபீக்கா அவளுடைய ஒரே கூட்டாளி. அடுத்த மாதம் பரீனாவின் அண்ணன் ஜவுபர் காக்கா றபீக்காவைக் கட்டி, மாப்பிள்ளையாகப் போய்க் குடியிருக்கப்போவதும் அவள் வீட்டில்தான்.

"நான் சொல்லல்ல மச்சி. புத்தகத்தில அப்படித்தான் கிடக்கு."

அடுத்த நாள் றபீக்கா திரும்பி வந்ததும் பரீனா பூதத்தை வெள்ளையாக்கினாள்.

"பால் மாதிரி வெள்ளை. கண்டாலே உடம்பு நடுங்கும்."

முனவ்வறா மாமி நிமிர்ந்தாள். அந்தத் தெருவிலேயே வெள்ளை அவள்தான்.

"நேத்துக் கறுப்பா இருந்த பூதம், நான் வந்து குந்தினதும் வெளுத்திட்டு. என்னையா புள்ள சொல்றாய்?"

பரீனா அவசரமாகப் பூதத்தின் நிறத்தையே எடுத்துவிட்டாள்.

"இல்ல மாமி, அது கண்ணுக்குத் தெரியாத பூதம்."

"அப்ப இளவரசன் எதப் பார்த்து வெட்டினான்?" என்று கேட்டாள் பாத்தும்மா.

எல்லாரும் சிரித்தார்கள், றபீக்காவைத் தவிர. பரீனாவுக்கு முகம் எரிந்தது. இளவரசியைப் பிடித்தால் காரியம் சரிவரும் என்று நினைத்தாள்.

"கேளன் மச்சி. இளவரசியும் கறுப்புத்தான், ஆனா நல்ல வடிவு."

"அந்த 'ஆனா' எதுக்கு?" என்றாள் றபீக்கா.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"உங்கட வீட்டிலயும் என்னை இப்படித்தான் கதைக்கிறீங்களா? கறுப்புத்தான், ஆனா நல்ல புள்ள எண்டு? உன்ட காக்கா என்ட வாசல்ல ஏறுறத்துக்கு முதல் எனக்கு அது தெரியணும்."

கலியாணம் பேசி முடித்த அன்று குசினிக்குள் உம்மா சொன்னது அதே வார்த்தைகள்தான். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பரீனா "ஓம்" என்று தலையாட்டியிருந்தாள்.

"எழுதின மனிசன்தான் மோசம் மச்சி" என்றாள் தலையைக் குனிந்தபடி. "வெள்ளையெண்டா இளவரசி, கறுப்பெண்டா பூதம். வாசிக்கக்குள்ளயே எனக்கு மனம் பொறுக்கல்ல."

அது பொய். மூன்று முறையும் அவள் அதைச் சொக்கிப்போய்த்தான் வாசித்தாள்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்பில போடணும்" என்றாள் பாத்தும்மா. "என்ட மகள் அந்தப் பள்ளிக்கூடத்திலதானே படிப்பிக்கிறாள். எடுத்துவரச் சொல்றன்."

"ஓம், வரட்டும். நானே கிழிக்கிறன்" என்றாள் பரீனா.

"நீ கிழிக்கிறத என்ட கண்ணால பார்த்தா நம்புறன்" என்றாள் றபீக்கா.

மறுநாள் பாத்தும்மாவின் மகள் ஸுல்பிகா டீச்சர் அட்டை போன அந்தப் புத்தகத்தோடு வந்தாள். பரீனா நெருப்புப்பெட்டியோடு தயாராக இருந்தாள். றபீக்கா வந்து, தான் விட்டுப்போன பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முனவ்வறா மாமிகூடப் பின்னுவதை நிறுத்தினாள்.

டீச்சர் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினாள். பிறகு திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"எந்தப் பக்கம் டீச்சர்? காட்டுங்க, கிழிக்கிறன்" என்றாள் பரீனா.

டீச்சர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தாள்.

"பூதத்தின்ட நிறம் ஓரிடத்திலயும் இல்ல புள்ள; முதல் பக்கத்திலயே கறுப்பெண்டு போட்டிருக்கிறது இளவரசியத்தான்."