தொண்டைக்கு விடுப்பு

விரிவுரையாளர் அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு வக்கீல் தன் கைபேசியை நீட்டினான். "தொண்டை கட்டிவிட்டது. பேச முடியவில்லை" என்று அதில் அடித்து வைத்திருந்தான். முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ள அவன் பெரிதாகப் பாடுபடவில்லை. கடல் தாண்டி இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததிலிருந்தே முகம் அப்படித்தான் இருந்தது.

வக்கீல் என்றதும் கறுப்பு அங்கியையும் குமாஸ்தாவையும் தேட வேண்டாம். ஆள் சட்டப் படிப்பில் இரண்டாம் வருஷம், அவ்வளவுதான். வக்கீல் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். விவரம் தெரிந்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. "ஏண்டா லேட்டு?" என்று அப்பா கேட்டால், "எத்தனை மணிக்கு வரணும்னு நீங்க சொன்னீங்களா?" என்பான். "சாப்பிட வாடா" என்றால் அதற்கும் ஒரு மறுப்பு இருக்கும். அப்பா அவனிடம் எந்தப் பேச்சையும் முழுசாகப் பேசி முடித்ததே கிடையாது. பாதியில் இவன் குறுக்கே விழுவான், அவர் கத்துவார், அம்மா வந்து விலக்குவாள்.

"இந்த வாய்க்குச் சட்டம்தான்" என்று குடும்பமே உட்கார்ந்து தீர்மானித்தது. அங்கேதான் கோட்டை விட்டார்கள். வீட்டில் வாயாடுகிற பிள்ளை வெளியிலும் வாயாடும் என்று யார் சொன்னது? வெளியில் நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் போதும், வக்கீலுக்கு நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் வருஷத்தில் மாதிரி நீதிமன்றம் என்று ஒரு பயிற்சி; கற்பனை வழக்கொன்றில் எல்லோரும் ஒரு தடவையாவது எழுந்து நின்று வாதாட வேண்டும். குரைத்துக் குரைத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்த நாயின் வழக்கு அவனுக்கு வந்தது. இவன் நாய்க்காரர் கட்சி. முதல் தடவை எழுந்து "கனம் நீதிபதி அவர்களே" என்றான். அப்புறம் உட்கார்ந்துவிட்டான். நாயாவது குரைத்தது.

நாளைக்கு இரண்டாவது வாய்ப்பு. கடைசி வாய்ப்பும் அதுதான். இதிலும் கோட்டை விட்டால் படிப்பு முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பாவோ காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். 'என் பையன் வெளிநாட்டுல வக்கீலுக்குப் படிக்கிறான்' என்பதை வெங்காய மூட்டைக்கு விலை சொல்கிற அதே குரலில் சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால்தான் காலையில் எழுந்ததும் தொண்டை கட்டிக்கொண்டது.

"அடப் பாவமே" என்றார் விரிவுரையாளர் அம்மா. நல்ல மனுஷி. நல்ல மனுஷிகளால் வருகிற தொல்லைக்கு அளவே இல்லை. "நாளைக்கு நீ வர வேண்டாம், தேதியைத் தள்ளி வைக்கிறேன். ஆனா மருத்துவ மையத்துல சீட்டு வாங்கிட்டு வந்துடு. பொய்ச் சீட்டு குடுத்த ஒருத்தனைப் போன வருஷம் வீட்டுக்கே அனுப்பிட்டோம். உனக்கு அந்தப் பயம் இல்ல, நிஜமாவே முடியலையே."

வக்கீல் தலையாட்டினான். வேறென்ன செய்வது?

மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிவப்பே இல்லையே" என்றார்.

வக்கீலின் கண் வாசல் பக்கம் போனது.

"சிவந்திருந்தா பயமே இல்ல, மாத்திரை குடுத்து அனுப்பிடலாம். சிவக்காம குரல் போறதுதான் சரியில்ல" என்றவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "ரெண்டு வாரம் முழு ஓய்வு. ஒரு எழுத்து பேசக்கூடாது. முணுமுணுக்கக்கூடக் கூடாது. அந்த அட்டையைக் கொண்டாங்க."

நர்ஸ் ஒரு மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். 'குரலுக்கு ஓய்வு. என்னிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு நாள் லீவு போடப் போனவனுக்கு இரண்டு வாரச் சிறை கிடைத்தது.

நர்ஸ் எங்கே பார்த்தாலும் இருந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில், நூலகத்து வாசலில், சைக்கிள் நிறுத்துமிடத்தில். பார்க்கும்போதெல்லாம் உதட்டில் விரல் வைத்து அன்பாகச் சிரிப்பாள். வக்கீல் தும்மக்கூடப் பயந்தான்.

வீட்டுக்குப் போன் பேச வேண்டிய நாள் வந்தது. விடுதிச் சுவரோ மெல்லிசு, அறைக்குள் பேசினாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும். வளாகத்தில் நம் மொழி பேசத் தெரிந்தவன் அவனுடைய அறைத்தோழன் ஒருவன்தான். அவனும் சட்டம்தான் படித்தான். தொண்டைக் கதை முழுப் பொய் என்று தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். 'நான் படிப்புல மும்முரமா இருக்கேன்னு சொல்லு' என்று வக்கீல் அடித்துக் காட்டினான்.

"பொய் சொல்ல வராதுடா எனக்கு" என்றபடியே அறைத்தோழன் போனை எடுத்தான். "ஆன்ட்டி, நல்லா இருக்கான். பேச்சு மட்டும்தான் இல்ல."

"பேச்சு வரலையா? ஐயோ, கை கால் அசையுதா?" என்றாள் அம்மா.

"அசையுது ஆன்ட்டி."

"வாய் கோணிக்கிட்டிருக்கா பாருப்பா."

அறைத்தோழன் திரும்பி வக்கீலின் வாயை நிதானமாகப் பார்த்தான். "முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சரியா ஞாபகமில்ல ஆன்ட்டி."

அந்தப் பக்கம் அழுகை கிளம்பியது. வக்கீல் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான், கும்பிட்டான், தன் வாயை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக் காட்டினான். பிறகு அப்பாவின் குரல் ஒரே ஒரு தடவை கேட்டது.

"நான் வரேன்."

பட்டமளிப்பு விழாவுக்குப் போக வேண்டுமென்று அவர் எப்போதோ பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்து வைத்திருந்தார். அது இப்போது உதவியது. வாரம் முடிவதற்குள் ஒரு பெட்டியோடும் ஒரு பிளாஸ்கோடும் மழையில் நனைந்துகொண்டு விடுதி வாசலில் நின்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வக்கீல் நினைத்தான். ஆனால் அதை எங்கேயிருந்து தொடங்குவது? தொண்டை பொய் என்றால், ஏன் பொய் என்று வரும். அங்கேயிருந்து நாய் வரும், நாய்க்குப் பின்னால் முதல் தடவை தோற்றது வரும். அப்பாவை ஒரு தடவை பார்த்தான். கழுத்து அட்டையைச் சரி செய்துகொண்டான்.

அப்பா விருந்தினர் அறையில் தங்கினார். அவனும் அறைத்தோழனும் மாறி மாறி அவரை அழைத்துக்கொண்டு போய் ஊரைக் காட்டினார்கள். ஊர் என்ன ஊர், எப்போது பார்த்தாலும் மழை, ஒரே மாதிரி சாம்பல் நிறக் கட்டடங்கள். ஆச்சரியம் என்னவென்றால், சந்தையின் ஒரு மூலையில் கத்தி மறு மூலைக்கு விலை சொல்கிற அப்பா இங்கே தாழ்ந்த குரலில் பேசினார். விடுதியில் சத்தம் போடக்கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று வக்கீல் நினைத்துக்கொண்டான். பரவாயில்லையே, நாகரிகம் பழகிவிட்டார் என்றுகூட நினைத்தான்.

அப்பா பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டியைப் பிய்த்தபடி பேசினார். துணி துவைக்கிற அறையில், சுற்றுகிற இயந்திரத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, துணி காய்கிற வரைக்கும் பேசினார்.

"நம்ம தண்ணி மோட்டார் இருக்கே, அது ஓடலைன்னா இடது பக்கம் தட்டணும். எல்லாரும் வலது பக்கமே தட்டறாங்க" என்றார் ஒரு நாள்.

இடது பக்கம் என்றால் எங்கிருந்து பார்த்து என்று கேட்க வக்கீலின் வாய் தானாகத் திறந்தது. அப்பா பேச்சை நிறுத்தி அட்டையைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. அப்பா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"உங்கம்மா கோவமா இருந்தா சமாதானம் பண்ணப் போயிடாதே. கிட்டயே உட்காரு, ஒண்ணும் பேசாதே. கொஞ்ச நேரத்துல அவளே 'என்ன சாப்பிடறே'ன்னு கேப்பா. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு."

எதற்கு இதையெல்லாம் சொல்கிறார் என்று வக்கீலுக்குப் புரியவில்லை. வெளிநாட்டுக்கு வந்தால் சிலருக்கு வீட்டு ஞாபகம் இப்படித்தான் வரும் போல. முதலில் எரிச்சலாக இருந்தது. பதில் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. இரண்டு மூன்று நாள் போனதும் பதில் வருவதே குறைந்தது. மனுஷனுக்குச் சொல்ல இவ்வளவு இருந்ததா என்று அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அதே துணி துவைக்கிற அறையில், அப்பா பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"சின்ன வயசுல நீ கேட்ட கேள்வி ஒண்ணுக்கும் எனக்குப் பதில் தெரியாதுடா. தெரியாதுன்னு சொல்ல வெக்கம். அதான் கத்துவேன். உனக்கு இந்தப் படிப்பு பிடிச்சிருக்கான்னுகூட நான் கேக்கல."

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பிடிக்கலைன்னா வந்துடு. தோத்துட்டு வந்தாலும் சரி. சந்தையில நான் சொல்லிவெச்சதை நானே மாத்திச் சொல்லிக்கறேன். அது என் பாடு. நீ அதுக்காக இங்க உக்காந்து அழுதுகிட்டிருக்காதே."

இரண்டு வருஷமாக வக்கீல் காத்திருந்த வார்த்தை அதுதான். வாய் இருந்தும் பேச முடியாத நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. அவனுக்கு அவமானமாக இருந்தது, அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் தலையை மட்டும் ஆட்டினான். அப்பா அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, "துணி காஞ்சிடுச்சு பாரு" என்று எழுந்தார்.

மறுநாள் விமான நிலையப் பேருந்து நிற்கிற இடத்தில் மூன்று பேரும் குடைக்கடியில் நின்றார்கள். பேருந்து வருகிறது என்று தெரிந்ததும் வக்கீலுக்கு மனசு ஆறவில்லை. அட்டையாவது மண்ணாங்கட்டியாவது, 'அப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தான். நாலு அடி தள்ளி, பச்சைக் குடைக்கடியில், நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாள்.

இழுத்த மூச்சை வக்கீல் அப்படியே விட்டான்.

"ஒண்ணும் பேசாதே. டாக்டர் சொன்னதைக் கேளு" என்றார் அப்பா. அவன் கன்னத்தைத் தட்டினார். அறைத்தோழனைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டு ஏறிவிட்டார். பேருந்து திரும்புகிற வரைக்கும் வக்கீல் கையை ஆட்டினான்.

அடுத்த சில நாளில் அட்டை கழுத்தை விட்டு இறங்கியது. விசாரணை நாளும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கட்சிக்கு வாதாடிய பெண் நாயைப் பிய்த்து உதறினாள். முன்பென்றால் வக்கீல் அதற்குள் பயத்தில் பாதி செத்திருப்பான். இப்போது கேட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. தோற்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அப்பாவே சொல்லியாகிவிட்டது, அப்புறம் என்ன பயம்? எழுந்தான். நாக்கு ஒட்டவில்லை. அவள் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து, குரல் கம்மாமல், நாய்க்காக வாதாடினான்.

"தேறிட்டே" என்றார் விரிவுரையாளர் அம்மா. "தொண்டைக்கு ஓய்வு குடுத்தது நல்லதாப் போச்சு பாரு."

வக்கீல் அறைக்கு ஓடி வந்தான். கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த அறைத்தோழனிடம் முழு வழக்கையும் ஒப்பித்தான். அப்படியே வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மாவும் எடுக்கல. எங்கதான் போனாங்களோ. அப்பாகிட்ட நானே சொல்லணும்டா. அவர் சொன்னதுக்கெல்லாம் பதில் சொல்லணும். இந்தப் படிப்பு எனக்குப் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு சொல்லணும். நல்லவேளை, தொண்டைக் கதை பொய்னு அவருக்குத் தெரியாமலே போச்சு."

அறைத்தோழன் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"உன் விசாரணை முடியற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டார்" என்றான். "வந்த அன்னைக்கே கேட்டார், பொய்னு சொல்லிட்டேன்; 'நல்லதாப் போச்சு தம்பி, அவன் அப்படியே பேசாம இருக்கட்டும், வாயைத் திறந்தா என்னைப் பேச விடமாட்டான், ஊருக்குத் திரும்பினதும் எனக்குத் தொண்டையில ஆபரேஷன், அதுக்கப்புறம் குரல் இருக்காதாம், அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடறேன்'னார்."