வெலிச்கோவின் இதயத்துக்கு எத்தனை மதிப்பெண்

குடிமக்களின் இதயங்கள் தாறுமாறாகத் துடிப்பதை அரசாங்கம் நெடுநாளாகக் கவலையோடு கவனித்து வந்தது. எனவே எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சட்டை வந்தது. கத்தி இல்லை, ஊசி இல்லை. அதை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் படுத்தால், துடிப்பில் எவ்வளவு சிக்கல் என்று பத்துக்குள் ஓர் எண் வரும். பூஜ்யம் என்றால் நல்ல இதயம். சட்டையில் துடிப்பை உணர நூற்று எண்பத்து நான்கு மின்பொட்டுகள் என்றது அரசாணை. நான் எண்ணினேன். நூற்று எண்பத்து மூன்று.

என் நண்பன் வெலிச்கோவுக்கு 4.1 வந்தது. கைகோத்து ஆடும் ஹோரோ வரிசையில் நாற்பத்தோரு வருடம் தலையில் நின்றவன். இப்போது நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. இலையுதிர் காலத்தில் மகள் கல்யாணம். அதற்குள் சிகிச்சை கிடைத்தால்தான் ஆட முடியும்.

ஆனால் ஊரில் பெரிய எண்தான் நாகரிகம் என்று ஆகியிருந்தது. 6.8 வாங்கிய மருந்துக்கடை அஸ்பாருகுக்குக் காப்பிக் கடையில் ஜன்னலோர நாற்காலி. அவர் வெலிச்கோவைப் பார்த்து, "நாலுதானா? ரொம்ப சாதாரண ஆளுய்யா நீ" என்றார்.

மறுநாளே வெலிச்கோ மறு அளவீடு கேட்டுப் படுத்தான். சட்டைக்குள் இருந்தபடி, காலால் பதினோரு எண்ணிக்கை கோபானித்சா ஆட்டத் தாளம் போட்டான். 9.3. அன்று காப்பிக் கடையில் எல்லோருக்கும் அவன் செலவில் ரக்கியா சாராயம்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஐந்துக்குக் கீழான இதயங்களுக்கே சிகிச்சையாம். மேலானவை திருத்தும் எல்லையைக் கடந்து உயர்ந்துவிட்டனவாம்.

ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே படிவங்களைப் பார்க்கும் ஸ்லாத்தினா அம்மையார் இருந்தார்.

"அது இதயம் இல்லம்மா, என் காலு" என்றான் வெலிச்கோ.

"காலுக்குப் படிவம் கிடையாதுங்க. எண் இதயக் கட்டத்துல இருக்கு. அப்போ அது இதயந்தான்."

கெஞ்சியதில் மூன்றாம் முறை படுக்க விட்டார்கள். இயந்திரம் பீப் பீப் என்றதும் கால் தன்னால் ஆடத் தொடங்கிவிட்டது. 9.6.

"என் பேர்ல நீ போய்ப் படுடா. உன் காலு மரக்கட்டை, நெஞ்சு கடிகாரம்" என்றான்.

எனக்கும் பெருமைதான். படுத்தேன். நர்ஸ் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார். 3.2. வெலிச்கோ என்னைக் கட்டிக்கொண்டான். பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் 3.2 வந்த கணக்கு எனக்கு மட்டும் இடித்தது.

அவனுக்குச் சிகிச்சை நடந்தது. கல்யாணத்தில் வரிசையின் தலையில் ஆடினான். பிறகு நான் என் பெயரில் விண்ணப்பித்துப் படுத்தேன். அம்மையார் கணினியைப் பார்த்தார்.

"இதே துடிப்புக்குப் போன மாசமே சிகிச்சை முடிஞ்சிருக்குங்க. நீங்க குணமாயிட்டீங்க. வாழ்த்துக்கள்."

ஆள் மாறிப் படுத்ததைச் சொன்னால் எனக்கும் வெலிச்கோவுக்கும் சிறை. அவர் ஒரு படிவத்தை நீட்டி, சேவைக்குப் பத்துக்கு எத்தனை என்றார். பின்னால் வரிசையில் பதினேழு பேர். பத்து என்று எழுதினேன். பதினேழு பேரும் எட்டிப் பார்த்து அதையே எழுதினார்கள்.