ஐந்தாவது ஒயர்

செல்போனில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கே.கே. நகரில் வீட்டிலிருந்தே சமையல் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்த நான், பாத்திரம் ஏற்ற ஒரு பழைய டிரெய்லரை வாங்கி என் காருக்குப் பின்னால் மாட்டினேன். முதல் சவாரியே தங்கை ரேவதியின் வளைகாப்புக்கு. மயிலாப்பூரில் அவள் மாமியார் வீட்டுக்கு ஏழு வகை சாதமும் வளையல்களும் எங்கள் வீட்டிலிருந்து போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அவள் கையில் முதல் வளையல் ஏறிவிட வேண்டும்.

டிரெய்லருக்கென்று தனி பேட்டரி கிடையாது. காரின் பின்விளக்குகளுக்குப் போகும் கரண்டையே ஒயர் இழுத்து அதற்கும் கொடுக்க வேண்டும். பிரேக்குக்கு ஒன்று, இடது இண்டிகேட்டருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, டெயில் லைட்டுக்கு ஒன்று. ஐந்தாவது எர்த். அந்த ஐந்தாவதை நான் நறுக்கி எறிந்துவிட்டேன். எங்கள் வீட்டு கிரைண்டரில் எர்த் பின் உடைந்து பத்து வருடம் ஆகிறது, மாவு அரைபடாமலா இருக்கிறது? (இதை அம்மாவிடம் பெருமையாக வேறு சொன்னேன்.)

வேடிக்கை என்னவென்றால், மாட்டிப் பார்த்தபோது எல்லா விளக்கும் ஜோராக எரிந்தன. காரையும் டிரெய்லரையும் இணைக்கும், இரும்போடு இரும்பு உரசும் கொக்கி வழியாகவே கரண்ட் திரும்பிக்கொண்டிருந்தது என்பது இந்த மேதைக்குத் தெரியாது. மேதை அத்தோடு நின்றாளா? விசேஷத்துக்குப் போகிற வண்டியாயிற்றே என்று முந்தின நாள் கொக்கி உட்பட எல்லா இடத்திலும் மஞ்சள் பெயின்ட் அடித்தாள். அதுவும் இரண்டு கோட்டிங்.

தி. நகர் தாண்டும்வரை பின்னால் கேட்ட ஹார்ன் சத்தத்தையெல்லாம் வண்டியின் அழகுக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். லஸ் முனை நெருங்கும்போது பைக்கில் ஒருவர் ஜன்னலோரம் வந்தார்.

"இன்னாக்கா, லெஃப்ட்டா ரைட்டா? ஏதாச்சும் ஒரு முடிவுக்கு வாக்கா!"

அடுத்து வந்தவர் டிராஃபிக் போலீஸ். "பிரேக் போட்டா இண்டிகேட்டர் மினுக்குது. இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட் கண்ணடிக்குது. பின்னாடி வர்றவன் என்னம்மா பண்ணுவான்? சரி பண்ணாம இந்த வண்டி நகரக்கூடாது."

மணி ஒன்பது ஐம்பது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கிரைண்டர் கிரைண்டர்னு சொன்னியே, இப்ப அரை!" என்றாள். வளையல் தட்டோடு இறங்கி ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். "நான் வளையலையாவது கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். நீ சாதத்துக்குத் துணையா இங்கயே இரு."

தங்கையின் வளைகாப்பில் நான் இல்லாமலே போய்விடுமே என்று அந்த நடுரோட்டில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நல்லவேளை, ஆட்டோக்காரருக்கு டிரெய்லரைப் பார்த்ததும் சவாரி மறந்துவிட்டது. குனிந்து அடியில் பார்த்தார்.

"எர்த் எங்கமா?"

"அது... தேவையில்லைன்னு..."

"கரண்ட் வந்துட்சு. திரும்பிப் போவ வயி இல்ல. அதான் கண்ட லைட்டுலயும் பூந்து போய்க்கினு கீது. கொக்கில பெயின்ட்ட வேற அப்பி வெச்சிகீற. ஒயர் துண்டு எதுனா கீதா?"

இல்லை. அவரிடமும் இல்லை. அவர் கண் மெல்ல அம்மாவின் தட்டுக்குப் போயிற்று. கண்ணாடி வளையல்களுக்கு நடுவே ரேவதிக்கென்று வாங்கிய வெள்ளிக் காப்பு இருந்தது.

"கண்ணாடி ஆவாது. அந்த வெள்ளி ஆவும்."

"ஐயோ, அது என் பொண்ணு கைக்குப்பா!"

"அந்தப் பொண்ணு வூட்டுக்குத்தானம்மா வண்டியும் போவுது? போனதும் கயட்டிக்கோ."

கொக்கியில் கார் பக்கமும் டிரெய்லர் பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டினார். காப்பை விரித்து இரண்டிலும் படும்படி மாட்டி இறுக்கினார். நான் போய் பிரேக்கை மிதித்தேன். டிரெய்லரின் இரண்டு சிவப்பு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. போலீஸ்காரரே கை தட்டினார். பிளாட்பாரத்துப் பூக்காரம்மா ஒருவர் விஷயம் கேட்டறிந்து, வண்டிக்கு ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிக் குலவையே போட்டுவிட்டார்.

பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். காப்பைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தும் மஞ்சள் பெயின்ட் முழுதாகப் போகவில்லை. அதைக் கையில் எடுத்த ரேவதியின் மாமியார் புருவத்தைச் சுருக்கினார்.

"சம்பந்தியம்மா, காப்பு ஏன் இப்படி நெளிஞ்சிருக்கு?"

அம்மா ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னைக் காட்டிக்கொடுத்தாள். மாமியார் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அப்போ முதல் வளைகாப்பு வண்டிக்கா?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. "அக்கா, போதும், வயிறு வலிக்குது" என்று ரேவதி கெஞ்சினாள். பத்து இருபத்தெட்டுக்குக் காப்பு அவள் கையில் ஏறியது.

இப்போது ரேவதியின் மகளுக்கு நாலு வயது. வீட்டில் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறார்கள். போன மாதம் வந்தவள் நேராக டிரெய்லரிடம் போனாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடியில் வெகுநேரம் தேடினாள். பிறகு சமையலறைக்கு வந்து, ரொம்பக் கவலையாகக் கேட்டாள்.

"பெரிம்மா, உன் வண்டிக்கு இன்னும் பாப்பா பொறக்கலையா? டாக்டர்ட்ட காட்டினியா?"