ஒரு விரல் இடைவெளி

ஒழுங்காக ஓடுகிற வண்டியை அதன் பாட்டுக்கு ஓட விடுவதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டும். அது எனக்குப் பிறவியிலேயே வாய்க்கவில்லை. நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பூட்டி அதற்கு நிரந்தர ஓய்வு கொடுத்தவன் நான். (அது என் கல்யாணத்துக்கு மாமியார் வீட்டுச் சீராக வந்த மிக்ஸி.) ஆனாலும் மிக்ஸியில் ஏறி உட்கார்ந்து யாரும் கல்யாணத்துக்குப் போவதில்லை. காரில் போவார்கள். அங்கேதான் வந்தது வினை.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பழைய சின்னக் கார். என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு குடும்பங்களைப் பார்த்து முடித்திருந்தது. எஞ்சின் தங்கம். ஆனால் பள்ளத்தில் இறங்கினால் தொப்பென்று சத்தம் வரும். மேட்டில் ஏறி இறங்கினால் கொஞ்ச தூரத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே போகும். அந்தக் காரில் திருப்பூர் பல்லடம் ரோட்டில் போகும்போது எங்கள் குடும்பமே யார் என்ன கேட்டாலும் சரி சரி என்று சம்மதிப்பதுபோல் இருக்கும்.

அருள்புரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த செல்வினிடம் கொண்டுபோய் விட்டேன். செல்வின் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, ஊசி நூலைவிட ஸ்பேனரே மேல் என்று முடிவெடுத்தவன்.

"அண்ணாச்சி, ஷாக் அப்சார்பர் நாலும் போயிட்டு. புதுசு மாத்துனாப் போதும்" என்றான்.

இந்தப் 'போதும்' என்ற சொல்தான் எனக்கு எப்போதும் பிடிக்காதது. ஏற்கனவே ஒரு மாதமாக ராத்திரிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள கார் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாத்தறதுன்னு ஆயிருச்சு, அப்கிரேட் பண்ணிரலாமா செல்வின்?" என்றேன்.

செல்வினின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாவம், ஆயில் மாற்றியே அலுத்துப்போனவன். இப்படி ஒரு ஆடு தானாக வந்து தலையை நீட்டும் என்று எதிர்பார்க்கவில்லை. "நெசமாத்தான் சொல்லுதீயளா?" என்றான்.

'காயில்ஓவர்' என்று ஒரு சாமான் இருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது. அதன் உடம்பிலுள்ள வளையத்தைத் திருகினால் கார் உயரும், தாழும். தலையிலுள்ள குமிழைத் திருகினால் இறுகும், தளரும். ரேஸ்காரர்களுக்கு உண்டானது. கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து, என் கிழட்டுக் காருக்கு மாட்டினோம். டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் இந்த உலகத்தில் அழகுக்கு அளவு. எங்கள் காரில் ஒரு கையே தாராளமாக நுழையும். மூன்று விரலாக்கினோம். நான் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றேன். இரண்டு விரலானது. "இன்னும் ஒரு சுத்து எறக்குவமா அண்ணாச்சி?" என்று இப்போது செல்வினே கேட்டான். ஒருவன் பைத்தியம் என்றால் மற்றவன் தடுப்பான். இரண்டு பேரும் என்றால் ஒரு விரலில்தான் போய் நிற்கும்.

இங்கே நான் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் நம்மூர் தையல் லைனுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான்: டி-ஷர்ட் சாம்பிளை மேஜையில் விரித்து அளந்துவிட்டு ஓகே சொல்லாதே. ஒரு ஆளுக்குப் போட்டுப் பார். கையைத் தூக்கச் சொல், உட்காரச் சொல். உடம்பு உள்ளே போனபிறகுதான் அளவு தெரியும். இதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

அப்பேர்ப்பட்ட நான், பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து, ஆளே இல்லாத காலிக் காரை நாலு பக்கமும் அளந்து, "அளவு பக்கா, ஓகே" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். காருக்குள்ளும் உடம்புகள் ஏறும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

இறுக்கக் குமிழையும் கடைசிவரை திருகி வைத்திருந்தேன். ரோட்டில் ஒரு ரூபாய்க் காசு கிடந்தால் அது தலையா பூவா என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். என் மனைவி சுகன்யா ஒரே ஒரு தடவை சோமனூர் வரைக்கும் வந்துவிட்டு, இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, இதுக்கு முன்னாடி கார் ஆடிட்டு இருந்துச்சு. இப்ப நம்மள ஆட்டுதுங்க" என்றாள். ஹேண்ட்லிங் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன். அவள் தைலத்தைத் தேடப் போய்விட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் சுகன்யாவின் ஒரே தம்பி கார்த்திக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச் சேலை வைத்த மூங்கில் கூடையை இடுப்பில் ஏந்தி வந்து, அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். ஐயர் வராமல்கூட எங்களில் கல்யாணம் நடக்கும், அருமைக்காரர் என்ற பெரியவர் இருந்து நடத்திவைப்பார். ஆனால் இணைச்சீருக்கு அக்காளோ தங்கையோ வந்தாக வேண்டும். இல்லாதவர்கள் சித்தப்பா, பெரியப்பா மகளைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். சுகன்யாவுக்கு இது பெரிய கனவு. தம்பிக்குப் பெண் பார்க்கிறதற்கு முன்பே இணைச்சீருக்கு என்ன சேலை என்று முடிவு செய்தவள்.

மாமனார் வீடு காங்கேயத்துக்குப் பக்கத்தில். மண்டபம் வெள்ளகோவிலில். காலையில் கார்த்தி, மாமனார், மற்ற ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் வேனில் கிளம்பினார்கள். வேனில் சுகன்யாவுக்கும் இடம் இருந்தது. நான்தான், "இணைச்சீருக்கு வர்ற புள்ள வேன்ல போய் எறங்குனா நல்லாவா இருக்கும்? நம்ம கார்ல போலாம்" என்றேன். (அவள் எப்படி இறங்குகிறாள் என்பதல்ல, என் கார் எப்படி வந்து நிற்கிறது என்பதுதான் கவலை.) வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வருவதாக மாமியாரும் நின்றுகொண்டார்.

மாமியார் வருகிறாரே, தூக்கிப் போட்டால் மரியாதையாக இருக்காதே என்று இறுக்கக் குமிழை முழுக்கத் தளர்த்தி மெத்தென்று வைத்தேன். சீர் சாமான் வைக்க இடம் வேண்டும் என்று, ஜாக்கியை மட்டும் விட்டுவிட்டு டிக்கியைக் காலி செய்தேன். அப்போது வளையத்தைத் திருகிக் காரை உயர்த்துகிற வளைந்த ஸ்பேனரையும் எடுத்து மாட்டுக் கொட்டகையில் வைத்தேன். பிறகு ஒரு சிப்பம் அரிசி, தேங்காய் மூட்டை, பித்தளைக் குடம், ஒரு வாழைத்தார் எல்லாம் ஏறின. கடைசியில் மாமியார் ஏறினார். மாமியார் கொஞ்சம் கனத்த சரீரம். குனிந்து பார்த்தேன். விரல் நுழைய வேண்டிய இடத்தில் அகத்திக்கீரை இலைகூட நுழையாது.

காங்கேயத்திலிருந்து நான் பிடித்த குறுக்கு ரோட்டில் ஊருக்கு ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதோ இல்லையோ, ஆயில் மில்லுக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர் உண்டு. அரசாங்கம் போட்டது பாதி, மில்காரர்களே கொட்டிக்கொண்டது பாதி. முதல் மேட்டிலேயே காரின் அடிவயிறு கரகரவென்று தேய்ந்தது. அடுத்த மேட்டுக்கு முன்னால் நிறுத்தி, "அத்தை, கொஞ்சம் எறங்கிக்கறீங்களா? வண்டியத் தாண்ட வெச்சுட்டு ஏத்திக்கறேன்" என்றேன்.

அதிலிருந்து பட்டுச்சேலையில் ஒரு மாமியார், கூடையோடு ஒரு மனைவி, இரண்டு பேரும் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் போய் நின்று, மறுபடி ஏறினார்கள். கொப்பரை காய வைக்கிற களத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளகோவிலுக்குக் கிட்டே ஒரு நூல் மில் முன்னால் பெரிய மேடு. சுகன்யா பழக்கதோஷத்தில் தானே இறங்கிப் போய்விட்டாள். மாமியார் அசையவில்லை. "இந்த ஒண்ணுக்கு மட்டும் உக்காந்துக்கறேனுங்க மாப்பிள்ளை. முட்டி தாளலீங்க" என்றார். ஒவ்வொரு சக்கரமாகக் கோணலாக ஏற்றினால் தட்டாது என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். ஏற்றினேன். முன்சக்கரம் தாண்டியது. அடுத்து கார் மேட்டின்மேல் வயிற்றை வைத்துக் கோழி அடைகாக்கிறதுபோல் உட்கார்ந்துவிட்டது. அடியில் சைலன்சர் பைப் போய்ச் சிக்கிக்கொண்டது. மாமியாரை இறக்கிவிட்டுப் பார்த்தும் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. காரை உயர்த்துகிற ஸ்பேனரோ மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. ஜாக்கியை எடுத்து வந்தேன். வண்டி இருந்த தாழ்வுக்கு ஜாக்கி அடியில் நுழையவே இல்லை. என் இரண்டு விரல்தான் நுழைந்தது, அதுவும் நசுங்கியது.

அப்போது மாமனார் போன் செய்தார். சுகன்யா ஸ்பீக்கரில் போட்டாள். "சாமி, எங்க இருக்கறீங்க? அருமைக்காரரு நேரமாச்சுங்கறாரு. சித்தப்பன் மகள நிறுத்திச் செஞ்சுரலாமான்னு கேக்கறாரு" என்றார். பின்னாலிருந்து கார்த்தியின் குரல் கேட்டது: "எங்கக்கா வராம நான் மணையில உக்கார மாட்டனுங்க."

சுகன்யா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "என்ற தம்பிக்கு இது ஒண்ணு செய்யோணும்னுதானுங்க இத்தன நாள் இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். மை கலைந்து வழிந்தது. ஒரு விரல் அழகுக்காக இவளை நடுரோட்டில் கொண்டுவந்து நிறுத்தினேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் காரை ஓர் உதை உதைத்தேன். அதில் கால் பெருவிரலும் போயிற்று.

எங்களுக்குப் பின்னால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. திருப்பூரில் டி-ஷர்ட் வெட்டியதுபோக மிஞ்சுகிற துண்டுத் துணியை மூட்டை மூட்டையாகக் கட்டி நூல் மில்லுக்குக் கொண்டுபோகிற வண்டி. டிரைவர் இறங்கி வந்து, காரையும் எங்களையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சக்கரம் ரெண்டும் கழண்டு போச்சுங்களா?" என்றார். இல்லீங்க, இது வேண்டுமென்றே செய்தது என்று எப்படிச் சொல்வது? சுகன்யாதான் விஷயத்தைச் சொன்னாள்.

"இணைச்சீருங்களா? அட, ஏறுங்கம்மணி மொதல்ல" என்றார் அவர்.

முன்சீட்டில் மாமியார் ஏறினார். பின்னால் மூட்டைகளின் மேல், மடியில் கூறைச் சேலைக் கூடையோடு சுகன்யா உட்கார்ந்தாள். வண்டி என் காரைச் சுற்றிக்கொண்டு மண்ணில் இறங்கி ஏறிப் போயிற்று. அவளுக்கு அடியில் பிதுங்கிக்கொண்டிருந்த கிளிப்பச்சைத் துணி எனக்கு நன்றாகத் தெரிந்த துணி. கலர் சரியில்லை என்று பையர் திருப்பியடித்த எங்கள் கம்பெனி ஆர்டர்தான் அது.

பிறகு ஷிஃப்ட் முடிந்து வந்த ஒடிசாப் பையன்கள் ஒன்றாகச் சேர்ந்து என் காரைத் தூக்கி மேட்டிலிருந்து இறக்கிவைத்தார்கள். சைலன்சர் மட்டும் வர மறுத்து ரோட்டிலேயே தங்கிவிட்டது. அதை எடுத்துப் பின்சீட்டில் மாமியார் இடத்தில் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பினேன். சைலன்சர் இல்லாத கார் எப்படிக் கத்தும் என்று தெரியுமல்லவா? மண்டப வாசலுக்கு நான் வந்து சேர்ந்ததும் உள்ளே கெட்டிமேளம் முழங்கியதும் ஒரே நேரம். மேளக்காரர்கள் வாசித்தது அன்றைக்கு யாருக்கும் கேட்கவில்லை என்று சொன்னார்கள்.

ஆனால் இணைச்சீர் நடந்துவிட்டது. கார்த்தி சொன்னபடியே அக்கா வரும்வரை மணையில் உட்காராமல் நின்றானாம். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. தம்பி பக்கத்தில் சுகன்யா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கொண்டையில் மல்லிகைப் பூவுக்கு நடுவே கிளிப்பச்சைத் துணி ஒன்று தொங்குகிறது. பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "உங்க கார விட அந்த மூட்டை சொகுசா இருந்துச்சுங்க" என்றாள். கோபம் போய்விட்டது என்று தெரிந்ததும் இன்னொரு ஜிலேபி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமனார் கை கழுவும் இடத்தில் என்னிடம் வந்தார். வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது மாப்பிள்ளை. ஆளு ஏறாத வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வின் சாயங்காலம் போன் செய்து, "கல்யாணத்துல வண்டியப் பாத்துட்டு என்ன சொன்னாவ அண்ணாச்சி?" என்று ஆசையாகக் கேட்டான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்றேன். அதில் பொய்யில்லை.

காயில்ஓவரைக் கழற்றி, முதல்நாள் செல்வின் சொன்ன சாதாரண ஷாக் அப்சார்பரையே மாட்டி, கொஞ்ச நாளில் காரையும் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் அருமைக்காரர் "இணைச்சீருக்குப் புள்ள வந்தாச்சுங்களா?" என்று கேட்டால், யாராவது ஒருவர் "எந்த வண்டில வருதுன்னு மொதல்ல கேளுங்க" என்பார். கார்த்தி எங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தாமதமாக வந்தால், "ஸ்பீட் பிரேக்கருங்க மாமா, எறங்கி நடந்து வந்தேன்" என்பான். கேலி செய்கிறவர்களுக்கு நானும் ஏதாவது திருப்பிச் சொல்லிச் சமாளித்துக்கொள்வேன்.

ஆனால் மாமியார் கேலி செய்ய மாட்டார். அதுதான் கஷ்டம். இப்போது எங்களிடம் இருப்பது நல்ல உயரமான கார், அதன் அடியில் ஆடே படுத்துத் தூங்கலாம். வாங்கியதும் முதலில் மாமியாரைத்தான் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் ஸ்பீட் பிரேக்கருக்கு வேகத்தைக் குறைத்தபோது பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். மாமியார் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்திருந்தார்.

"வேண்டாங்க அத்தை. இது புது வண்டி, தட்டாது."

"இருக்கட்டுமுங்க மாப்பிள்ளை. நமக்குப் பழக்கந்தானுங்களே" என்று சொல்லிவிட்டு இறங்கி, மேட்டைத் தாண்டி நடந்துபோய், அந்தப் பக்கம் ஓரமாக எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.