செத்த செயலிக்குக் கேதம் கேட்டவர்

செத்துப்போனவற்றோடு பேசிப் பதிலும் வாங்கிய மனிதர், திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஒருத்தர்தான். எங்கள் ஆபீஸ் கேதம். நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயரும் ஒன்று இருந்திருக்கும். ஆபீஸில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

பழனி ரோட்டில் ஒரு டயர்க்கடை மாடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மொபைல் செயலி செய்துகொடுத்துக்கொண்டிருந்தோம். செயலி ஓடுவதென்னவோ எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டர் கூட்டத்தில். அதற்குள் கன்டெய்னர் என்ற டப்பாவில் அடைத்து விட்டிருப்போம். டப்பா செத்தால் அந்த இடத்தில் புதுசு ஒன்று தானாகவே பிறந்துவிடும். 'சரி, எந்திரிச்சிருச்சு' என்று நாங்கள் டீக்குக் கிளம்புவோம். கேதம் மட்டும் நகர மாட்டார்.

"எப்படிச் செத்துச்சு, கடைசியா என்ன சொல்லுச்சுன்னு ஒரு வார்த்தை கேக்காமப் போறீகளே, நீங்கள்லாம் மனுசங்கதானாப்பா?" என்பார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனால் முதல் கேள்வி அதுதானே. எப்படி ஆச்சு, கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன பேசினார். அதையே இந்த மனுஷன் கன்டெய்னரிடம் கேட்டார். அது பேசினதெல்லாம் 'லாக்' என்ற பெயரில் பதிவாகியிருக்கும். ஆனால் புதுசாகப் பிறந்ததிடம் கேட்டால் 'நான் இப்பத்தான் வந்தேன்' என்று முழிக்கும். முந்தையதன் லாக் வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேதம் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு உட்காருவார். முடிந்ததும் சாவு வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடுவார். வீடியோ மீட்டிங்கிலும் அப்படித்தான். "ஏனுங்க, அவரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருங்களா?" என்று ஒட்டன்சத்திரத்துக் கஸ்டமர் ஒருத்தர் பதறிப்போனார்.

மே மாதத்தில் ஒருநாள் ஃபேன் நின்றுபோனது. எலக்ட்ரீசியன் ஏணியில் கால் வைத்ததும் கேதம் தடுத்தார். "செத்த நேரம் பொறுங்க. நிக்கிறதுக்கு முன்னாடி என்ன சத்தம் போட்டுச்சு?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கினார். வேர்வை சொட்டச் சொட்ட நாங்கள் 'கடகட' என்றும் 'கொர்ர்' என்றும் நடித்துக் காட்டினோம். கடைசியில் பார்த்தால் கரண்ட் இல்லை. அன்றைக்கே அவரை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டிருப்பேன், கீழே டயர்க்கடைக்காரர் கோபக்காரர்.

மேனேஜருக்குப் பொறுமை போனது ஆட்டுச் செயலி விஷயத்தில். அய்யலூர் சந்தைக்கு வரும் ஆடுகளை முன்கூட்டியே போட்டோவோடு பதிவு செய்யும் செயலி அது. ஒரு வியாபாரி கேட்டுச் செய்துகொடுத்தோம். தீபாவளிச் சந்தைக்கு முந்தின நாள் காலையில் அது செத்தது. பிறந்தது. பிறந்த கையோடு மறுபடி செத்தது. வியாபாரியே நேரில் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மதியத்துக்குள்ள ஓடணும்" என்றார் மேனேஜர் கேதத்திடம். "இன்னைக்கும் கேதம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்கன்னா, நாளையில இருந்து நீங்க வர வேண்டாம்."

சொன்னதோடு நிற்காமல் தானே எல்லாவற்றையும் அடியோடு அழித்துப் புதிதாக ஏற்றினார். பழைய லாக்கும் அதோடு போனது; ஆடுகளின் பதிவு மட்டும் வேறு இடத்தில் இருந்ததால் தப்பித்தது.

கேதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "விசாரிக்கிறதுக்குள்ள எரிச்சுட்டீகளே சார். இனி யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

ரெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த மனுஷன்.

செயலி ஓடியது. மேனேஜர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவர் கையை இறக்குவதற்குள் மறுபடி செத்தது.

"செத்துருச்சு, செத்துருச்சு" என்று கேதம் கைதட்டி எழுந்தார். அப்படியொரு சந்தோஷத்தை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றினார், உட்கார்ந்தார், முந்தையதன் லாக்கை வாங்கினார். கடைசி வரியில் ஓர் ஆடு நின்றது. வயது என்ற இடத்தில் 'ரெண்டு பல்லு' என்று போட்டிருந்தது.

வயது என்றால் மாதக் கணக்கில் எண் வரும் என்று நாங்கள் எழுதிவைத்திருந்தோம். பல்லைப் பார்த்ததும் செயலி மிரண்டு விழுந்திருக்கிறது. புதிதாகப் பிறந்ததும் வரிசையில் முதலில் நின்ற அதே ஆட்டை எடுத்துப் பார்த்து, அதே மாதிரி விழுந்திருக்கிறது.

"ஆட்டுக்கு ரெண்டே பல்லா?" என்றார் மேனேஜர்.

வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பல்லு விழுந்து முளைக்கிறத வச்சுத்தான் தம்பி ஆட்டுக்கு வயசு. பின்ன, பொறந்த சர்டிபிகேட்டா வாங்கி வச்சிருப்பாக?"

பல்லையும் வயதாக ஏற்றுக்கொள்ளும்படி மாற்றி ஓடவிட்டோம். ஆனால் மதியம் தாண்டிவிட்டது. கேதம் தூக்குவாளியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீக?" என்றார் வியாபாரி.

"சொன்ன நேரம் தாண்டிப்போச்சுல்லண்ணே."

"அப்ப எங்கூட வாங்க. எங்க கிடையில போன மாசம் நாலு ஆடு செத்துச்சு. ஏன்னு கேக்க நாதியில்ல."

மேனேஜர் பாய்ந்து வந்து பையைப் பிடுங்கிக்கொண்டார். "அதெல்லாம் அனுப்ப முடியாதுங்க. இவரு எங்க ஆளு."

நான் சொல்ல வாயெடுத்தது அது. மேனேஜர் முந்திக்கொண்டார்.