ஏழாம் எண் கட்டடம்

"ஆறு இங்க இருக்கு. எட்டு அதோ, அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கு. அப்ப ஏழு எங்க?"

கணவர் நட்ட நடுத்தெருவில் நின்று கேட்டார். மனைவி சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள். காலையிலிருந்து நடந்த நடையில் செருப்பு வார் அவள் குதிகாலைப் புண்ணாக்கியிருந்தது.

நகரசபை கொடுத்த வரைபடத்தில் பழைய நகரத்தின் பன்னிரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் சுவரிலும் நீலத் தகட்டில் வெள்ளை எண். கோட்டை வாசலும் மரப் பால்கனி வீடும் தானியக் கிடங்கும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டாவது எண், கண்காணிப்புக் கோபுரம், அது ஒன்று போதும். அதன் படம் போட்ட காலண்டர் இருபது வருஷமாக அவள் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. ஐந்து மணிக்குக் கோபுரத்தை மூடிவிடுவார்கள். விடிந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். முழங்கால் இருக்கிற அழகுக்கு அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

"ஏழு இல்லேன்னா எட்டுக்குப் போங்களேன். ஏழு என்ன கோவிச்சுக்கவா போகுது?"

"அதெப்படி விட்டுட்டுப் போறது?"

மனுஷன் முப்பத்து நாலு வருஷம் ஆவண அறையில் கோப்பு அடுக்கியவர். நடுவில் ஒரு எண் இல்லை என்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"எண் தானாக் காணாமப் போகாது. யாராவது எடுத்தாத்தான் காணாமப் போகும்," என்றார்.

"ஆமா, எடுத்துப் பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்காங்க! பேசாம வாங்க."

முக்கில் ஒரு டீக்கடை. பால் பாத்திரத்தை மூடியிருந்த தட்டின் இரண்டு ஓட்டை வழியாக ஆவி வந்துகொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் கணவர் அண்ணாந்து பார்த்தார்.

"எவ்வளவு அழகான வளைவுக் கூரை! இது என்ன கட்டடம்?"

"டீக்கடை சார்," என்றார் கடைக்காரர். "ஏழாம் நம்பரா தேடுறீங்க? முதல்ல சூடா ரெண்டு டீ குடிங்க. அப்புறம் மணிக்கூண்டுல இடது பக்கம் திரும்புங்க. கல்படி ஏறி மறுபடி இடது. கிணத்தடியில இன்னொரு இடது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மூச்சு வாங்க வந்து நின்ற இடம் அதே டீக்கடையின் பின்வாசல்.

"படி ஏறினீங்களா? அட, பக்கத்துல இறங்குற படி ஒண்ணு இருக்குமே!" என்று கடைக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். இன்னும் இரண்டு டீ வந்தது.

இறங்குகிற படி ஒரு பழைய வீட்டு வாசலில் போய் முடிந்தது. கதவில் சுண்ணாம்பால் ஏழு என்று எழுதியிருந்தது. கணவர் வெற்றி வீரனாகத் தட்டினார். ஒரு அம்மாள் திறந்தாள்.

"இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா? காலையிலேர்ந்து ஒழுகுது!"

அது வீட்டுக் கதவு எண். அந்த அம்மாள் எதிர்பார்த்தது பிளம்பரை. இதைச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டிய கணவர், முழ அகலச் சுவரைப் பார்த்ததும் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் அவர் குழாயை இறுக்கிப் பிடித்திருக்க, மனைவி வாளியைப் பிடித்திருந்தாள்.

"உங்களுக்குக் குழாய் வேலை தெரியுமா?" என்று அவர் காதில் கிசுகிசுத்தாள்.

"தெரியாது. ஆனா பாதியில எப்படி விட்டுட்டு வர்றது?"

அவர் கையை எடுத்ததும் முன்பு சொட்டிய குழாய் பீய்ச்சி அடித்தது. அந்த அம்மாள் திட்டிய திட்டைக் காதில் வாங்கிக்கொண்டே இருவரும் ஓடினார்கள். நனைந்த சட்டையோடு அடுத்த யோசனை சொன்னார்.

"எட்டுலேர்ந்து பின்னோக்கி வந்தா ஏழு வந்துதானே ஆகணும்?"

பின்னோக்கி வந்தார்கள். டீக்கடை வந்தது.

"வாங்க வாங்க! நனைஞ்சுட்டீங்களே, ஒரு டீ சாப்பிடுங்க!"

மணி நாலரை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க ஏழைத் தேடியே செத்துப் போங்க. நான் எங்கயும் வரல," என்று செருப்பைக் கழற்றி எறிந்தாள். கூரைகளுக்கு மேலே கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தாள்.

கணவர் அவள் குதிகாலைப் பார்த்தார். அவள் பார்க்கிற இடத்தையும் பார்த்தார். வரைபடத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"ஏழு வேண்டாம் விடு. எட்டும் வேண்டாம். நேராக் கோபுரத்துக்குப் போலாம், எழுந்திரு."

முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு காகிதத்தைக்கூட வரிசை மாற்றி வைக்காத மனுஷன்! அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பாவம், நாள் பூராக் கரித்துக் கொட்டிவிட்டோமே என்று இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டே பத்தடி நடந்தாள்.

"ஐயோ, என் குடை!"

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். கடைக்குள் கடைக்காரரின் மனைவி, பால் மேலிருந்த மூடியைத் திருப்பிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நீலமாக இருந்தது.

"ஏங்க, நம்ம சுவர்லேர்ந்து ஏழைக் கழட்டினதுலேர்ந்து கடை நல்லா ஓடுது. நாளைக்கு அந்த எட்டையும் கழட்டிடலாமா?"