பதிமூன்றாவது டம்ளர்

பெங்களூரில் காது என்று சொல்லத்தக்க உறுப்பு ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மற்றவர்களுக்கு இருப்பது மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள இரண்டு கொக்கிகள். இது என் கருத்தல்ல, அந்தக் காதின் சொந்தக்காரர் கருத்து. பிரேசர் டவுனில் அவரைப் பஞ்சு என்பார்கள். எந்நேரமும் இரு காதிலும் எதையோ அடைத்துக்கொண்டு நடப்பார். சீழ் வடிகிறது, பஞ்சு வைத்திருக்கிறார் என்று தெருவே பரிதாபப்பட்டது. அது பஞ்சல்ல, ஒரு ஸ்கூட்டர் விலையுள்ள இயர்போன் என்று நான் விளக்கியபோது, "அதுக்குச் சீழே பரவால்லியே" என்றார் அவருடைய கீழ்வீட்டு அம்மாள்.

பஞ்சுவின் தொழில் பல் செட் கட்டுவது. பல் டாக்டர்கள் வாய் அச்சை அனுப்புவார்கள். இவர் மாடியறையில் உட்கார்ந்து பல்லை அடுக்கி, வலது கையில் ரீங்கரிக்கும் சின்ன மெஷினால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார். அந்த நேரத்தில் மட்டும் இயர்போனைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். தூசு படுமாம்.

நான், தொலைபேசி தயாரிக்கும் ஓர் அரசுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவன். ரிசீவரைக் காதில் வைத்து, சரியென்றால் கையெழுத்து, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு. அமைச்சரின் மைத்துனர் சப்ளை செய்த சரக்குக்கே சிவப்புச் சீட்டு ஒட்டி, அதற்குப் பரிசாக இரண்டு வருஷம் ஸ்டோர் ரூமில் எலிகளுடன் பணியாற்றினேன். பொய்யாக ஒரு சான்று தந்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு என் கையெழுத்தைக் கேட்டவர் கூரியர்காரர் ஒருவர்தான்.

பல் செட்டுக்காகப் போன என்னை, என் பழைய வேலை தெரிந்ததும் பஞ்சு பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் மாடியில் ஐந்தாறு பேர் கூடி இயர்போன்களை ஒப்பிடுவார்கள். எல்லாம் மென்பொருள் பிள்ளைகள். சுற்றிலும் ஊர்பேர் தெரியாதவர்களின் பல் செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்க, இவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள்.

பாட்டு போட மாட்டார். "பாட்டு ஏமாத்தும் ஆபீசர். பிடிச்ச பாட்டுன்னா தகர டப்பால கேட்டாலும் நல்லாத்தான் இருக்கும்" என்பார். அவர் வைத்திருந்தது அல்சூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எப்போதோ அவரே பதிவு செய்த சத்தம். இடப்பக்கம் ஒருவன் "எரடு காபி" என்று கன்னடத்தில் இரண்டு காபி கேட்டுக் கத்துவான். வலப்பக்கம் டம்ளர் கழுவி அடுக்குவார்கள். மொத்தம் பதினாலு டம்ளர். அதில் பதிமூன்றாவது கொஞ்சம் நசுங்கியது. மற்றவை கணீரென்றால் அது மட்டும் கிணுக்கென்று அடங்கும். அந்தக் கிணுக்கு கேட்டால் இயர்போன் பாஸ்.

தீர்ப்புகள் பல் மொழியில் வரும். "கடைவாய்ப்பல் நல்லா இருக்கு, முன்பல் இல்ல" என்றால் பேஸ் உண்டு, ட்ரெபிள் இல்லை. "எல்லாமே முன்பல்" என்றால் காதைக் கிழிக்கும். ஒரு ஜப்பான் இயர்போனை இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுக் கழற்றினார். "இது பல் விளக்காம பேசுது" என்றார். அதை ஆறு மாதச் சேமிப்பில் வாங்கியிருந்த பிள்ளையின் முகம் அன்று முழுக்கத் தெளியவில்லை.

எனக்குப் பதிமூன்றாவது டம்ளர் ஒருநாளும் கேட்டதில்லை. மற்ற பதிமூன்றும்கூட எங்கோ தூறல் போடுவது போலத்தான் கேட்கும். "அறுபது தாண்டினா மேல்மாடி காலி ஆபீசர். உங்க காது ரிட்டயர் ஆயிடுச்சு, பென்ஷன்தான் வரல" என்று சபை நடுவே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனசில் குறித்துக்கொண்டேன்.

அந்தச் சபையில் நவீன் என்றொரு பிள்ளை வேலையை விட்டுவிட்டு, தன் அடுக்குமாடி வீட்டில் இயர்போன் செய்ய ஆரம்பித்திருந்தான். பஞ்சு பாஸ் போட்டால்தான் விற்பனை என்று அறிவித்தும் இருந்தான். முதல் மாதிரியைக் கொண்டுவந்தான். பஞ்சு கேட்டார். "ரைட் சைடுல முன்பல் விழுந்திருக்கு மச்சா. திருப்பிப் பண்ணு." இரண்டாவது மாதிரி: ரைட் சைடு. ஐந்தாவது: ரைட் சைடு. ஒன்பதாவது மாதிரியோடு வந்தவன் சவரம் செய்திருக்கவில்லை.

"சார், மெஷர்மென்ட் எடுத்தேன். ரெண்டு பக்கமும் டிட்டோ!"

"மெஷினுக்கு என்னடா தெரியும்? வரவர உலகத்துலயே யாருக்கும் ரைட் சைடு பண்ண வரல. ஜப்பான்காரனே கோட்டை விடறான்."

நவீன் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்க டெஸ்டிங்ல இருந்தவர்தானே? ஏதாச்சும் ப்ரொசீஜர் இருக்கா?"

இருந்தது. ஆறு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. நான் எழுந்து நின்றே பதில் சொன்னேன்.

எளிமையான விதி அது. கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் இடம் மாற்றிப் பார். கோளாறும் கூடவே இடம் மாறினால் பொருளில் கோளாறு. மாறாவிட்டால் வேறெங்கோ. பஞ்சு இதைச் செய்ததே இல்லை. அவருடைய சொந்த இயர்போன்கள் எல்லாம் பல் அச்சுப் பசையால் தன் காதையே அச்செடுத்து வார்த்தவை. ஒரு பக்கத்தது மறு பக்கம் நுழையாது. நவீனுடையது துப்பாக்கிக் குண்டு மாதிரி எந்தக் காதிலும் போகும்.

இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும்படி போனில் மாற்றச் சொன்னேன். பஞ்சுவின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டினேன். ஒரு தாளில் கோடு போட்டுக் கட்டம் பிரித்தேன்.

"எந்தப் பக்கம் மந்தம்?"

"ரைட்டு. இதுக்குக் கண்ணை வேற கட்டணுமா?"

கழற்றி, இடது வலதை மாற்றிச் செருகினேன். "இப்போ?"

"அதே ரைட்டு."

மறுபடி மாற்றினேன். "இப்போ?"

"ரைட்டுதான் சாமி. எத்தனை தடவை?"

எட்டுத் தடவை. விதிப்படி எட்டு. மூன்றாவதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நவீனுக்கு நாலாவதில். அங்கேயே நிறுத்திவிட்டு, "கொஞ்சம் காபி சாப்பிடலாம்" என்று சொல்லியிருக்கலாம். நான் எட்டையும் முடித்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, சபைக்குப் படித்துக் காட்டினேன்: "இயர்போனில் கோளாறு இல்லை. கேட்பவரின் வலது காதில் இருக்கிறது."

என் வாழ்நாளில் நான் நடத்திய மிகச் சுத்தமான பரிசோதனை அது.

பஞ்சு கைக்குட்டையை அவிழ்த்தார். தாளை வாங்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். சண்டை போடுவார் என்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். "கரெக்டா பண்ணியிருக்கீங்க ஆபீசர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, யாருக்கோ கட்டிக்கொண்டிருந்த பல் செட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

நவீன் மறுநாளே விற்பனையைத் தொடங்கினான். தாளின் படம் அவர்களுடைய வாட்ஸாப் குழுவில் போயிற்று. கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக விழுந்தன. ஜப்பான் இயர்போன் பிள்ளை பன்னிரண்டு போட்டான். அடுத்த ஞாயிறு மாடிக்கு நான் மட்டும் போனேன். கற்றவர்கள் நிறைந்த நகரம். யாருக்கும் வழி மறந்திருக்க நியாயமில்லை.

பஞ்சுவைக் காது பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்தார்கள்.

"சத்தம் கேட்டா கை தூக்குங்க சார்" என்றாள் அங்கிருந்த பெண்.

"மேடம், உங்க ஹெட்போன்ல நடுப்பல் ஆடுது."

"ரிவ்யூ பேடா, வேண்டாம் சார். கை தூக்குங்க, போதும்."

வரைபடம் வந்தது. இடது காதின் கோடு ஒழுங்காக நடந்து போனது. வலது காதின் கோடு பாதி வழியில் படிக்கட்டிலிருந்து உருண்டிருந்தது.

"என்ன வேலை சார்?"

"பல் செட். மெஷின்ல தேய்ப்போம்."

"எந்தக் கைல?"

தேய்த்துக் காட்டுவதற்காக அவர் வலது கையைத் தூக்கினார். கை பழக்கப்படி வலது காதருகே போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"போனது வராது சார். காதை அடைச்சிட்டு வேலை செஞ்சிருந்தா தப்பிச்சிருக்கும். ஒரு இயர்போன் மாட்டியிருந்தாகூட."

"தூசு படுமே மேடம்" என்றார் பஞ்சு.

காதுக் கருவி வாங்கினார். இரண்டு நாளில் கழற்றினார். "எல்லாமே முன்பல்." இப்போது மெஷினை ஓட்டும்போது காதில் நிஜப் பஞ்சு வைத்துக்கொள்கிறார். தெரு பல வருஷம் முன்கூட்டியே பெயர் வைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறேன். எங்கிருந்தோ ஒரு புது இயர்போன் இரவல் வாங்கி வைத்திருப்பார். இடதை அவர் காதில் செருகிக்கொள்வார். வலதை என் காதில் செருகுவார். கம்பி குட்டை, இரண்டு கிழவர்களும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அவர் பக்கம் ஒருவன் காபி கேட்டுக் கத்துகிறான். என் பக்கம் எங்கோ தூறல் போடுகிறது.

"பதிமூணாவது டம்ளர் வந்துச்சா ஆபீசர்?"

"வந்தது."

"நசுங்கினது தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. கிணுக்குன்னு அடங்குது."

"அப்போ ரைட் சைடு பாஸா?"

"பாஸ்."

கண்ணை மூடிக்கொண்டு அவர் தலையாட்டுகிறார். முப்பத்துநான்கு வருஷத்தில் நான் ஒரு பொய்ச் சான்றும் தந்ததில்லை. இப்போது வாரத்துக்கு ஒன்று தருகிறேன்.